கண்ணெதிர் விழுங்கல் திட்டம்

அவுரி இலையைச் சேர்த்துவைக்கும் கிட்டங்கிகளில் வேலை செய்பவர்களின் நெஞ்சைக் காப்பாற்றுவதற்கென்று தூத்துக்குடியில் ஒரு நல மருந்தகம் இருந்தது. நெஞ்சுகளை எந்த அளவுக்குக் காப்பாற்றியது என்று சொல்வதற்கில்லை. பதிவேடுகளைக் கண்ணுங்கருத்துமாகக் காப்பாற்றி வந்தது. பதிவேடுகளுக்குத் தனி அறையும் மின்விசிறியும் உண்டு. நோயாளிகளுக்கு வெளியே ஒரு உடைமரம் உண்டு. நிழல் கொஞ்சம், முள் தாராளம்.

அவுரி என்பது மலச்சிக்கலுக்கு மருந்தாகும் இலை. கப்பலேறிப் போய்ச் சீமைக்காரர்களின் வயிற்றைச் சுத்தம் செய்யும். போவதற்கு முன் அதைப் பொதி கட்டுகிறவர்களின் நெஞ்சில் தூசியாக இறங்கிவிட்டுப் போகும். செல்லப்பாண்டி பதினோரு வருடம் அந்த இலையை மிஷினில் அழுத்திப் பொதி கட்டினான். பன்னிரண்டாம் வருடம் அவன் நெஞ்சு விசிலடிக்க ஆரம்பித்தது. மருந்தகம் அவனுக்கு இளைப்பு அட்டை கொடுத்தது. எண் நானூற்றுப் பதினேழு. அந்த அட்டையைக் காட்டித்தான் மிஷினை விட்டு இறங்கி, கிட்டங்கி வாசலில் காற்றாட உட்கார்ந்து சாக்குத் தைக்கும் லேசு வேலைக்கு வந்தான். அட்டை போனால் மறுபடியும் மிஷின். மிஷினுக்குத் திரும்பினால் ஆள் ஒரு மழைக்காலம் தாங்கமாட்டான் என்பது அவன் மனைவி ஆறுமுகத்தாய்க்குத் தெரியும். அதனால் அட்டையை முருகன் படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தாள். முருகனுக்கு ஏற்றிய விளக்கு அட்டைக்கும் சேர்த்தே எரிந்தது.

மருந்தகத்தின் கண்காணிப்பாளர் டாக்டர் செல்வதுரை. நாசரேத்துக்காரர், மில்லர்புரத்தில் வீடு. இளைப்பு மாத்திரைகளைத் தொழிலாளிகள் வாங்கி வெளியே விற்றுவிடுகிறார்கள் என்று எவனோ ஒருவன் மொட்டைக் கடிதாசி போட்டான். ஒரே வாரத்தில் டாக்டர் கண்ணெதிர் விழுங்கல் திட்டத்தைக் கண்டுபிடித்துவிட்டார். இதன்படி நோயாளி நாளைக்கு மூன்று வேளை அட்டையோடு ஜன்னலுக்கு வரவேண்டும். கம்பவுண்டர் தேவபிரசாதம் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் ஊற்றி, “நாக்கைத் தூக்கு” என்பார். நாக்குக்கு அடியில் ஒன்றுமில்லை என்று கண்டபின் ‘விழுங்கப்பட்டது’ என்று எழுதுவார். பிறகு அரைமணி நேரம் உடைமரத்தடி பெஞ்சில் உட்கார வேண்டும். அதற்குள் வாந்தி எடுத்தால் விழுங்கியது செல்லாது, இன்னொரு மாத்திரை. வராமல் போனால் ஒரு வேளைக்கு ஒரு சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் அட்டை ரத்து. வேறு ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்தது தெரிந்தால் கோடு போடும் சிரமம்கூட இல்லை, நேரே ரத்து.

நல்ல உடம்புக்கு இதெல்லாம் சரிதான். எழுபத்தெட்டாம் வருடம் கார்த்திகையில் ஊரெல்லாம் ஒரு சளிக்காய்ச்சல் வந்தது. செல்லப்பாண்டிக்கும் வந்தது. காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் காலையில் ஆறுமுகத்தாய் அவனைத் தோளில் தாங்கிக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

“அண்ணாச்சி, நேத்து மத்தியானத்துல இருந்து இவுகளுக்கு ஒரே கொமட்டலு. கை கடகடன்னு ஆடுது. நெஞ்சு உரல்ல குத்துத மாதிரி அடிக்கி. போன வருசக் காய்ச்சல்லயும் இப்படித்தான் இந்த மாத்திரை இவுகளப் படுத்திட்டு. காய்ச்சல் விடுத வரைக்கும் பாதியாக் குடுங்களேன்.”

தேவபிரசாதம் கெட்டவர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் அடிக்குரல் பாடுகிறவர். ஈ எறும்புக்கும் தீங்கு நினையாதவர். பதிவேட்டைத் திருப்பி அவளுக்கே காட்டினார்.

“பாதின்னு எழுதக் கட்டம் இல்லம்மா. விழுங்கினான், விழுங்கல, ரெண்டே கட்டம். பாதி விழுங்கினான்னா அத நான் எங்க கொண்டு எழுத?”

செல்லப்பாண்டி முழு மாத்திரையை விழுங்கி, நாக்கைத் தூக்கிக் காட்டிவிட்டு, பெஞ்சில் போய் உட்கார்ந்தான். பக்கத்தில் இன்னொரு இளைப்பு அட்டைக்காரனான செபாஸ்டின் இருந்தான். சற்று நேரத்தில் செல்லப்பாண்டி மரத்தடியில் குனிந்தான். செபாஸ்டின் தலையைப் பிடித்துக்கொண்டான். தேவபிரசாதம் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி வெளியே வந்தார்.

“பதினேழு நிமிசம். செல்லாது” என்று இன்னொன்றைப் போட்டார்.

அது இருபத்திரண்டாம் நிமிடம் வெளியே வந்தது. மூன்றாவதைப் போட்டார். அது முப்பத்தோராம் நிமிடம் வந்தது. தேவபிரசாதத்தின் முகத்தில் அப்போதுதான் ரத்தம் ஓடியது. “இது கணக்குல சேராது. நல்லபடியா வீட்டுக்குப் போங்க” என்றார்.

ஆறுமுகத்தாய் வீட்டுக்குப் போகவில்லை. காய்ச்சல் இருக்கிறது என்று யாராவது ஒருவர் அட்டையில் எழுதிவிட்டால் போதும், மிச்சத்தைப் பேசிக்கொள்ளலாம் என்று நினைத்து, புருஷனைப் பெஞ்சிலிருந்து எழுப்பி நர்சு மெட்டில்டாவிடம் கூட்டிப் போனாள். மெட்டில்டா தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தாள்.

“நூத்தி மூணு.”

“எழுதுங்க சிஸ்டர்.”

“எங்க எழுத? இளைப்பு அட்டையில காய்ச்சலுக்கு எடம் கெடையாது. காய்ச்சல் அட்டை வேணும்னா இளைப்பு அட்டையத் திருப்பிக் குடுக்கணும்” என்ற மெட்டில்டா, சுவரைக் காட்டினாள். ‘ஓர் ஆளுக்கு ஓர் அட்டை, ஓர் அட்டைக்கு ஒரு நோய்’ என்று நீலச் சாயத்தில் எழுதியிருந்தது.

“அப்ப இளைப்பு இருக்கவனுக்குக் காய்ச்சல் வரப்பிடாதா?”

“வரலாம். எழுத முடியாது.”

சொல்லிவிட்டு மெட்டில்டா கதவுப் பக்கம் பார்த்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நீங்க சொல்லுதது நெசந்தான்க்கா. இந்த மாத்திரையக் கல்லீரல்தான் கொஞ்சங்கொஞ்சமா அழிச்சு வெளியேத்தும். இப்படிக் காய்ச்சல் அடிக்கும்போது அந்த வேலை மந்தமாயிரும். காலையில போட்டது சாயங்காலம் வரைக்கும் ரத்தத்துலயே கெடக்கும். அதுக்கு மேல, மேலன்னு போட்டா மருந்தே வெசம். எனக்குப் பாடம் நடத்தின டாக்டரம்மா சொன்னது. ஐயாவுக்குத் தபால்ல வார லண்டன் பத்திரிகையிலகூட இதப் பத்தி எழுதுதாங்களாம். நான் சொன்னேன்னு சொல்லிராதீங்க, எனக்கு இன்னும் வேலை நிரந்தரம் ஆகல.”

லண்டன் பத்திரிகைகள் கண்காணிப்பாளரின் அறையில் இருந்தன. டாக்டர் செல்வதுரை குள்ளம். அவருக்குக் கொடுத்த நாற்காலியோ அதைவிடத் தாழ்வு. கடல் தபாலில் வரும் மருத்துவப் பத்திரிகைகளை உறை பிரிக்காமல் நாற்காலியில் அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்திருந்தார். உயரம் சரியாக இருந்தது. ஆறுமுகத்தாய் கையைக் கட்டிக்கொண்டு எதிரே நின்றாள்.

“ஐயா, நான் உப்பளத்துல வளந்தவ. முந்தின தண்ணி வத்தாம மறுதண்ணி பாய்ச்சினா பாத்தி ஒடைஞ்சிரும்லா. இவுகளுக்கு உள்ள போன மாத்திரை வத்தவே இல்ல, அதுக்குள்ள அடுத்தது, அதுக்கடுத்ததுன்னு போடுதாக. காய்ச்சக்காரனுக்குச் சோத்தக்கூடக் கொறைச்சுக் கஞ்சியாத்தான குடுக்கோம். மாத்திரைய மட்டும் கொறைக்கப்பிடாதா?”

டாக்டர் செல்வதுரை கண்ணாடியைக் கழற்றினார். அவர் கண்ணாடியைக் கழற்றினால் சொற்பொழிவு என்று அர்த்தம்.

“இந்தாம்மா, மருந்துக்கு மனிதனின் எடை தெரியும். சூடு தெரியாது. இந்த மாத்திரை டப்பா சித்திரை மாசம் தகரக் கூரைக்கு அடியில் நூற்றெட்டு டிகிரியில் கிடக்கிறது. அதற்கு ஏதாவது ஆகியிருக்கிறதா? டப்பாவுக்குள் நூற்றெட்டைத் தாங்குகிற மாத்திரை உன் புருஷனுக்குள் நூற்றுமூன்றைத் தாங்காதா?”

“தாங்க முடியாம கெடக்கது மாத்திரை இல்ல ஐயா, எங்க வீட்டுக்காரரு.”

“முதலில், அவனுக்குக் காய்ச்சல் என்பதற்கு என்ன ஆதாரம்? அட்டையில் இல்லையே.”

“வெளிய பெஞ்சுலதான் கெடக்காக. தொட்டுப் பாருங்க.”

“தொட்டுப் பார்த்தால் எனக்குத் தெரியும். பதிவேட்டுக்கு எப்படித் தெரியும்?” டாக்டர் அவளுடைய அறியாமையைப் பொறுத்துக்கொண்டு புன்னகை செய்தார். “வாந்தி என்பது உடம்பின் பிடிவாதம். உடம்பு பிடிவாதம் பிடித்தால் நிர்வாகமும் பிடிவாதம் பிடிக்க வேண்டும். யார் முதலில் களைக்கிறார்கள் என்று பார்க்கலாம். இத்தனை வருஷ சர்வீஸில் நான் களைத்ததே கிடையாது.”

அவர் சொன்னதில் பொய்யில்லை. களைத்தது செல்லப்பாண்டிதான். அன்று மத்தியானம் இரண்டு மாத்திரை, சாயங்காலம் மூன்று மாத்திரை என்று பதிவேடு சொல்கிறது. மறுநாள் விடியும்போது அவன் கண் மேலே செருகி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன. ஆறுமுகத்தாய் அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் வழிந்ததைத் துடைத்து, ஈரத்துணி போட்டுக்கொண்டே இருந்தாள். இழுப்பு நின்றபின் அவன் அவளைப் பார்த்து, “நீ யாரு?” என்று கேட்டான். பதினான்கு வருடம் கூடவே இருந்த பெண்பிள்ளைக்கு அந்தக் கேள்வி எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. அழுது முடித்த பிறகு, இனி இந்த ஆளை அந்த ஜன்னலுக்குக் கூட்டிப் போவதில்லை என்று முடிவு செய்தாள்.

காலை வேளைக்குப் போகவில்லை. முதல் சிவப்புக் கோடு. மத்தியானம் போகவில்லை. இரண்டாவது கோடு. கோடு விழுந்த செய்தியைச் சொல்ல மருந்தகத்திலிருந்து ஆள் வந்தது. மருந்து போதவில்லை என்றால் வராத ஆள், கோடு போட்டதும் சைக்கிளில் வந்து நின்றான். அவன் சைக்கிள் தெருமுனை திரும்பும் வரை அவள் வாசலில் நின்று பார்த்தாள். புருஷனைக் கூட்டிப் போனால் ஆள் போய்விடுவான். கூட்டிப் போகாவிட்டால் அட்டை போய்விடும், பிறகு மிஷினில் ஆள் போய்விடுவான். கொஞ்சம் முந்திப் பிந்தி, அவ்வளவுதான் வித்தியாசம்.

சாயங்காலம் அட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்தாள்.

“ஆள் எங்கம்மா?” என்றார் தேவபிரசாதம்.

“அந்த மாத்திரைய எனக்குப் போடுங்க அண்ணாச்சி.”

“ஒனக்கா?”

“ஒங்க பொஸ்தகம் என்ன கேக்கு? அட்டை வந்துச்சான்னு கேக்கு. வந்துட்டு. மாத்திரைய விழுங்கியாச்சான்னு கேக்கு. விழுங்கிருதேன். யாரு வாயின்னு கேட்டிருக்கா?”

தேவபிரசாதம் விதிப் புத்தகத்தை முன்னிருந்து பின்னும் பின்னிருந்து முன்னும் புரட்டினார். பின்னிணைப்பைப் பார்த்தார். பின்னிணைப்புக்கு வந்த திருத்தத்தையும் பார்த்தார். நாக்கைப் பற்றி ஏழு வரி இருந்தது. வாய்க்கு உரியவர் யார் என்பதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் புத்தகத்தை மூடிவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“கேக்கல. வாயைத் திற.”

திறந்தாள்.

“நாக்கைத் தூக்கு.”

தூக்கினாள். நானூற்றுப் பதினேழு: விழுங்கப்பட்டது. அரைமணி நேரம் பெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்துவிட்டு வீட்டுக்குப் போனாள். மூன்றாவது கோடு விழவில்லை.

இரண்டு நாள் வேளை தவறாமல் விழுங்கினாள். நெஞ்சு சற்றுப் படபடத்தது, தூக்கம் கொஞ்சம் குறைந்தது. மற்றபடி தண்ணீர் சுமந்தாள், கஞ்சி காய்ச்சினாள், வாந்தி கீந்தி ஒன்றுமில்லை. இதே மாத்திரைதானே அந்த மனுசனை அப்படி உருட்டிப் போட்டது என்று அவளுக்கு எரிச்சலாகவும் ஆச்சரியமாகவும் இருந்தது. மூன்றாம் நாள் செல்லப்பாண்டிக்குக் காய்ச்சல் இறங்கியது; கூடவே இளைப்பு லேசாகத் தலைதூக்கியது. அன்று ஜன்னலில் மாத்திரையைக் கடித்துப் பாதியை விழுங்கி, பாதியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டாள். விதி நாக்கடியைத்தான் பார்க்கச் சொல்லியிருந்தது. கன்னத்தைப் பற்றிச் சொல்லவில்லை. அந்தப் பாதி அவனுக்குப் போதுமானதாக இருந்தது. ஒரு வாரத்தில் எழுந்து உட்கார்ந்து, “ஏளா, கஞ்சியில உப்பு இல்ல” என்று குறை சொன்னான். ஆறுமுகத்தாய்க்கு அதைக் கேட்டதும் கண் நிறைந்துவிட்டது.

அடுத்த மாதம் மருந்தகத்தில் ஆண்டு விழா. ஊரில் காய்ச்சல் இன்னும் முழுதாக அடங்கவில்லை. உடைமரத்துக்கு வண்ணக்காகிதம் ஒட்டினார்கள். சென்னையிலிருந்து வரவேண்டிய பெரிய அதிகாரி வரவில்லை. அவருக்குப் போட்டிருந்த நாற்காலிக்கு மாலை போட்டார்கள். டாக்டர் செல்வதுரை மைக்கைத் தன் உயரத்துக்கு இறக்கினார்.

“அட்டை எண் நானூற்றுப் பதினேழு. ஒரே நாளில் ஐந்து முறை வாந்தி. ஐந்து முறையும் நிர்வாகம் தயங்காமல் மறுமாத்திரை கொடுத்தது. ஆறாவது முறை உடம்பு பணிந்தது. அதன்பின் ஒரு வாந்தி இல்லை. இன்று நோயாளி பூரண குணம். இதிலிருந்து நாம் கற்றது என்ன? மறுமாத்திரை ஒன்று போதாது. இன்று முதல், வாந்தி எடுப்பவர்களுக்கு இரண்டு மாத்திரை.”

கைதட்டினார்கள். செல்லப்பாண்டியை மேடைக்குக் கூப்பிட்டு, முழுமையாக விழுங்கியவர் என்று பெயர் பொறித்த எவர்சில்வர் டம்ளர் ஒன்றைக் கொடுத்தார்கள். அவன் வாங்கிக்கொண்டு கூச்சத்தோடு மனைவியைப் பார்த்தான்.

ஆறுமுகத்தாய் அவனைப் பார்க்கவில்லை. முன் வரிசையில் துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிய செபாஸ்டினைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் கை ஆடியது. காலை மாத்திரையை விழுங்கிவிட்டு அரைமணிக்காகக் காத்திருந்தான். பேசாமல் இருந்தால் அட்டை தப்பும், டம்ளரும் லாபம். வாயைத் திறந்தால் எல்லாம் போகும். ஆனால் இரண்டு மாத்திரை விதி இன்றைக்குச் செபாஸ்டினைப் பிடிக்கும். அடுத்த கார்த்திகையில் மறுபடி அவள் வீட்டுக்குத்தான் வரும். எழுந்து நின்றாள்.

“ஐயா, அவுக விழுங்கல. நான்தான் விழுங்கினேன்.”

தேவபிரசாதம் தரையைப் பார்த்தார்.

“இதே மாத்திரை, இதே மூணு வேளை. எனக்கு நெஞ்சு லேசாப் படபடத்ததோட சரி. அவுகளுக்கு அந்த மூணுலயே கொமட்டி, கை ஆடிச்சு; மேல மேல போடவும் கை காலு இழுத்து, பொண்டாட்டியவே யாருன்னு கேட்டாக. ரெண்டு பேருக்கும் வித்தியாசம் காய்ச்சல் ஒண்ணுதான். காய்ச்சல்ல பாதியாக் குடுங்க, அத விட்டுட்டு ரெண்டாக் குடுத்தா ஆளு செத்துப் போவாக.”

டாக்டர் செல்வதுரை கண்ணாடியைக் கழற்றினார்.

“உன்னிடம் இளைப்பு அட்டை இருக்கிறதா?”

“எனக்கு எதுக்கு அட்டை?”

“அட்டை இல்லாத உடம்பில் நடந்தது எதுவும் இந்த மருந்தகத்தைப் பொறுத்தவரை நடக்கவில்லை. மேலும், செல்லப்பாண்டி விழுங்கியதாகப் பதிவேடு சொல்கிறது. அதன் நகல் சென்னைக்குப் போய்விட்டது. ஆகவே அவன் விழுங்கியிருக்கிறான். அவன் விழுங்கிய மாத்திரையை நீயும் விழுங்கியிருக்க முடியாது. ஒரு மாத்திரை இரண்டு வயிற்றுக்குள் போகாது. இது சாதாரண விஞ்ஞானம்.”

செவிடன் காதில் சங்கு ஊதினால் செவிடனாவது வாயைப் பார்ப்பான். அந்த நேரத்தில் செபாஸ்டின் குனிந்து வாந்தி எடுத்தான்.

“எத்தனை நிமிஷம்?” என்றார் டாக்டர் மைக்கில்.

“பன்னெண்டு ஐயா” என்றார் தேவபிரசாதம்.

“புதிய விதியின் முதல் பயனாளி” என்று அறிவித்த டாக்டர், பதிவேட்டை மேடைக்கு வரவழைத்துத் தன் கையாலேயே எழுத உட்கார்ந்தார். தேவபிரசாதம் இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு முன் வரிசைக்கு வந்தார். செபாஸ்டின் நிமிரவில்லை. ஆறுமுகத்தாய் இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்று வாயைத் திறந்தாள்.

தேவபிரசாதம் மேடையைப் பார்த்தார். கண்காணிப்பாளர் பேனாவைத் திறந்துவைத்து, கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, தேவபிரசாதம் இரண்டு மாத்திரையையும் அவள் வாயில் போட்டார்.

“விழுங்கியாச்சா?” என்றார் டாக்டர், தலை நிமிராமல்.

“நாக்கைத் தூக்கு” என்றார் தேவபிரசாதம். அவள் தூக்கினாள். “விழுங்கியாச்சு ஐயா. நானூத்தி இருபத்திரெண்டு, செபாஸ்டின்.”

எழுதி, ஒற்றுத்தாள் வைத்து அமுக்கி, டாக்டர் கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “பாருங்கள், வாந்தி நின்றுவிட்டது.”

மறுபடியும் கைதட்டினார்கள். ஆறுமுகத்தாய் மரத்தடியில் போய், நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். செல்லப்பாண்டி மேடையிலிருந்து இறங்கி ஓடிவந்தான்.

“என்னளா, நெஞ்சு அடிக்கா?”

“அடிச்சா அடிக்கட்டும். எனக்குத்தான் காய்ச்சல் இல்லல்லா” என்றாள். “அந்த டம்ளர்ல தண்ணி கொண்டாங்க. செபாஸ்டின் அண்ணன் வாய் கொப்பளிக்கணும்.”